அட்டையோடு வாங்கலாமா, பிரித்ததை வாங்கலாமா? செகண்ட் ஹேண்ட் ஹாட் வீல்ஸ்

ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்களில் அரிதாகக் கிடைக்கும் 'சூப்பர் ட்ரெஷர் ஹன்ட்' வரிசைக் கார்கள் ஆன்லைனில் இரண்டு விதமாகக் கைமாறும்: அட்டை பிரிக்காதது, பிரித்தது. பிரித்தது விலை குறைவு.

பிரிக்காததில் தில்லுமுல்லு அட்டையில்தான். பிளாஸ்டிக் மூடியைக் கிளப்பி, வேறு காரை வைத்துத் திரும்ப ஒட்டிவிடுவார்கள். மூடியின் ஓரத்தைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பசை பிதுங்கியோ, அட்டை நார் உரிந்து வெளுத்தோ இருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

பிரித்ததில் காரையே சுற்றிப் பார்க்கலாம். 2007 முதல் இந்த வரிசைக்கு ஸ்பெக்ட்ராஃப்ளேம் பெயின்ட் (உலோகம் போல மினுங்கும் பூச்சு), ரப்பர் டயர். ஆனால் டயரை மட்டும் நம்பாதீர்கள். சாதா காருக்கும் மாட்டிவிடலாம். கவிழ்த்து, அடித்தட்டை உடலோடு பிணைக்கும் ரிவெட்டைப் பாருங்கள்: துளை போட்ட தடமோ திருகாணியோ இருந்தால் யாரோ கை வைத்த கார். (அடியில் உள்ள வருடத்தைக் காட்டி 'அந்தக் காலத்து வண்டி' என்பார்கள். அது டிசைனின் பதிப்புரிமை வருடம், தயாரித்த வருடமல்ல.)

மறுபடி விற்கிற எண்ணமிருந்தால் அட்டை. அலமாரிக்கு என்றால் நான் பிரித்ததைத்தான் எடுப்பேன். எதுவானாலும், இன்றைய தேதி எழுதிய துண்டுச்சீட்டோடு வீடியோ வந்த பிறகுதான் பணம்.