உறவுகள் பற்றிய ஆய்வுக்கட்டுரை: எந்த இதழுக்கு அனுப்பலாம்?

நட்பு, காதல், திருமணம், பிரிவு, உடன்பிறந்தவர்களுக்குள் வரும் மனத்தாங்கல். இப்படி ஏதோ ஒன்றை ஆராய்ந்து, கட்டுரையும் எழுதி முடித்தாயிற்று. அடுத்து, எங்கே அனுப்புவது? பெரும்பாலானோர், கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதை வைத்து இதழ்களை வரிசைப்படுத்தும் இம்பாக்ட் ஃபேக்டர் பட்டியலைத்தான் முதலில் திறக்கிறார்கள். மேலே இருக்கும் இதழில் தொடங்கி, நிராகரிக்க நிராகரிக்க ஒவ்வொரு படியாக இறங்குகிறார்கள். இந்தத் துறைக்கு அது சரிவராது என்பது என் உறுதியான எண்ணம். இங்கே தரவு பெரும்பாலும் ஒருவருடையது இல்லை, இரண்டு பேருடையது. இருவரிடமிருந்து வந்த தரவை எப்படி அலச வேண்டும், எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று தெரிந்தவர்கள் படிக்கும் இடமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்தக் கண்ணோடுதான் கீழே உள்ள வாய்ப்புகளை ஒப்பிடுகிறேன்.

துறை இதழ்கள்

உறவு ஆய்வுக்கென்றே இருக்கும் இதழ்களில் முக்கியமானவை இரண்டு. ஜர்னல் ஆஃப் சோஷியல் அண்ட் பர்சனல் ரிலேஷன்ஷிப்ஸ் 1984இல் ஸ்டீவ் டக் ஆசிரியராக இருக்கத் தொடங்கியது, சேஜ் வெளியிடுகிறது. பர்சனல் ரிலேஷன்ஷிப்ஸ் 1994இல் வந்தது. இப்போது வைலி பதிப்பகத்திடம் இருக்கிறது. இரண்டுமே உறவு ஆய்வுக்கான சர்வதேசச் சங்கத்தோடு சேர்ந்தவை.

இப்படித் தனி இதழ்கள் இருப்பதன் அருமை, அதற்கு முந்தைய காலத்தைப் பார்த்தால் புரியும். 1975இல் எலன் பெர்ஷைட், எலைன் ஹாட்ஃபீல்ட் இருவரின் காதல் பற்றிய ஆய்வுக்கு அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 84,000 டாலர் ஒதுக்கியிருந்தது. செனட்டர் வில்லியம் ப்ராக்ஸ்மயர் அதை வீண் செலவு என்று சாடி, அரசுப் பணம் விரயமாவதைச் சுட்டுவதற்கென்று தான் உருவாக்கிய 'கோல்டன் ஃப்ளீஸ்' விருதை அதற்குக் கொடுத்தார். காதலை எல்லாம் ஆராய வேண்டுமா என்ற கேள்விக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. துறை இதழில் அந்தக் கேள்வி வராது. முதல் இரண்டு பக்கங்களை 'இது ஏன் முக்கியம்' என்று விளக்குவதில் செலவழிக்காமல் நேரே விஷயத்துக்கு வரலாம்.

அதைவிடப் பெரிய பலன், மதிப்பீட்டாளர்கள், அதாவது வெளியிடும் முன் கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்லும் சக ஆய்வாளர்கள். 150 தம்பதிகளிடம் கேட்டு வாங்கிய பதில்களை 300 தனி மனிதர்களின் பதில்களாக வைத்துக் கணக்குப் போட்டால், பொது இதழில் அது சில சமயம் தப்பிவிடும். கணவன் சொல்வதும் மனைவி சொல்வதும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் அந்தக் கணக்கு செல்லாது. டேவிட் கென்னியும் அவரோடு சேர்ந்தவர்களும் வளர்த்த ஏபிஐஎம் என்ற, துணைவர்கள் ஒருவரையொருவர் பாதிப்பதையும் சேர்த்துக் கணக்கிடும் முறையில் பழகிய மதிப்பீட்டாளர் இதை முதல் வாசிப்பிலேயே பிடித்துவிடுவார். அதோடு விடவும் மாட்டார். ஒரே பாலினத் தம்பதிகளில் யாரை முதல் நபர் என்று வைத்தீர்கள்? இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து பதில் எழுதினார்களா? நடுவில் பிரிந்துபோனவர்களை என்ன செய்தீர்கள்? பதில் எழுதுவது கஷ்டம்தான். ஆனால் இந்தக் கேள்விகளைத் தாண்டி வந்த கட்டுரையை நம்பி மேற்கோள் காட்டலாம்.

துறை இதழில் போட்டால் வெளியே யாரும் படிக்கமாட்டார்கள் என்று ஒரு பயம் உண்டு. நட்பை ஆராய்ந்த ஜெஃப்ரி ஹாலின் கட்டுரை அதற்குப் பதில். சமீபத்தில் ஊர் மாறிய 355 பேரிடமும், 112 முதலாண்டு மாணவர்களிடமும் அவர் கேட்டது, புதிதாக அறிமுகமானவரோடு எவ்வளவு நேரம் கழித்தீர்கள், இப்போது அவர் உங்களுக்கு யார் என்பதுதான். மேலோட்டமான நட்புக்குச் சுமார் 50 மணி நேரம், நண்பர் என்று சொல்ல 90, நெருங்கிய நண்பராக 200க்கு மேல் என்று கணித்தார். சேஜின் அந்தத் துறை இதழில்தான் வந்தது. உலகம் முழுக்க நாளிதழ்கள் எடுத்துப் போட்டன. கேள்வி நன்றாக இருந்தால் வாசகர்கள் தேடி வருவார்கள்.

பெரிய பொது இதழ்கள்

சமூக உளவியலில் ஜர்னல் ஆஃப் பர்சனாலிட்டி அண்ட் சோஷியல் சைக்காலஜிக்கு இருக்கும் மதிப்பு தனி. அதன் மூன்று பிரிவுகளில் ஒன்று தனிமனித உறவுகளுக்கும் குழுச் செயல்பாடுகளுக்குமானது. 1987இல் சிண்டி ஹசானும் ஃபிலிப் ஷேவரும், குழந்தைக்கும் தாய்க்கும் இடையிலான பிணைப்புக் கோட்பாட்டைக் காதலுக்குப் பொருத்தி எழுதிய கட்டுரை அங்கேதான் வந்தது. அதன் முதல் ஆய்வுக்கான தரவு ராக்கி மவுண்டன் நியூஸ் என்ற நாளிதழில் வெளியிட்ட ஒரு 'காதல் வினாத்தாள்'; வாசகர்கள் அனுப்பியதில் முதல் 620 பதில்களை எடுத்துக்கொண்டார்கள். இன்று அதே அளவு தரவோடு அங்கே போனால் வரவேற்பு கிடைக்காது. ஒரே கட்டுரைக்குள் பல ஆய்வுகள், பெரிய மாதிரிகள் (நிறையப் பங்கேற்பாளர்கள்), ஒன்றின் முடிவை அடுத்தது உறுதிசெய்வது என்று எதிர்பார்ப்பு உயர்ந்துவிட்டது.

இந்த எதிர்பார்ப்பு உறவு ஆய்வை மட்டும் கூடுதலாக அழுத்துகிறது. இணையத்தில் ஆயிரம் பேரிடம் கருத்துக்கணிப்பு நடத்துவது ஒரு வாரத்து வேலை. நூறு தம்பதிகளை இரண்டு வருடம் விடாமல் பின்தொடர்வது ஓர் ஆய்வகத்தின் பல வருட உழைப்பு. 2015இல் ஈலை ஃபிங்கெல், பால் ஈஸ்ட்விக், ஹாரி ரைஸ் மூவரும் இதே இதழில் இதைத்தான் வாதிட்டார்கள்: எல்லாத் துறைகளுக்கும் ஒரே அளவுகோல் வைத்தால், சேகரிக்கக் கடினமான தரவுள்ள துறைகளில் ஆய்வின் போக்கே மாறிவிடும். நானும் அவர்கள் பக்கம்தான். மாதிரி சின்னது என்பதற்காகத் தினக்குறிப்பு ஆய்வுகளையும் நீண்டகால ஆய்வுகளையும் கைவிட்டால், உறவைப் பற்றி மனிதர்கள் ஒரே ஒரு நாளில் என்ன நினைத்தார்கள் என்பது மட்டும்தான் மிஞ்சும்.

சின்ன மாதிரிகளைச் சேர்த்துப் பெரிதாக்கும் வழியும் உண்டு. 2020இல் சமந்தா ஜோயல் தலைமையில் பல ஆய்வகங்கள் சேர்ந்து 43 தரவுத்தொகுப்புகளை, அதாவது 11,196 தம்பதிகளின் பதில்களை, ஒன்றாக அலசின. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் அது வந்தது. ஒருவரின் குணநலனைவிட அந்த உறவை அவர் எப்படி உணர்கிறார் என்பதுதான் உறவின் தரத்தை நன்றாகக் கணிக்கிறது என்று காட்டியது. அப்படிப்பட்ட கூட்டுமுயற்சி கையில் இருந்தால் பெரிய இதழுக்கே போகலாம். தனி ஆளாக, ஒரே ஒரு ஆய்வோடு போவது பெரும்பாலும் மாதக்கணக்கில் காத்திருந்து மறுப்புக் கடிதம் வாங்குவதில்தான் முடியும்.

குடும்பவியலும் சமூகவியலும்

ஜர்னல் ஆஃப் மேரேஜ் அண்ட் ஃபேமிலி 1939இல் வேறு பெயரில் தொடங்கிய பழைய இதழ். பெரிய கணக்கெடுப்புகளை வைத்து விவாகரத்து, மறுமணம், பிள்ளை வளர்ப்பு என்று எழுதுபவர்களுக்கு அதுதான் இடம். நேர்காணல் வழியாக ஆய்வு செய்பவர்களுக்கு ஃபேமிலீஸ், ரிலேஷன்ஷிப்ஸ் அண்ட் சொசைட்டீஸ் இன்னும் பொருத்தம். எண்களை எதிர்பார்க்கும் இதழுக்கு இருபது நேர்காணல்களை அனுப்பி, 'மாதிரி போதாது' என்ற ஒற்றை வரியோடு திரும்பப் பெற வேண்டியதில்லை.

இடம் மாறினால் ஒரு கட்டுரையின் விதியே மாறலாம். மார்க் கிரானோவெட்டரின் 'பலவீனமான பிணைப்புகளின் பலம்' கட்டுரையை 1969இல் அமெரிக்கன் சோஷியலாஜிக்கல் ரிவ்யூ நிராகரித்தது. திருத்தி எழுதிய வடிவம் 1973இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சோஷியாலஜியில் வந்து, சமூகவியலில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்றானது. ஓர் இதழின் மறுப்பு அந்த இதழின் தீர்ப்பு, அவ்வளவுதான்.

யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றால்

திறந்த அணுக்கம் என்றாலே ஆசிரியர் கட்டணம் கட்ட வேண்டும் என்று நினைக்கத் தேவையில்லை. 2006இல் தொடங்கிய ப்ளோஸ் ஒன் கட்டணம் வாங்கும். முடிவு முக்கியமானதா என்று பார்க்காமல், முறை சரியா என்று மட்டும் பார்க்கும். எதிர்பார்த்த தொடர்பு கிடைக்காத ஆய்வுக்கு இது நல்ல இடம். இன்டர்பெர்சோனா படிப்பவரிடமும் வாங்குவதில்லை, எழுதுபவரிடமும் வாங்குவதில்லை. வீச்சு சிறியது, ஆனால் உறவு ஆய்வுக்கென்றே உள்ள இதழ். கையில் ஆய்வு நிதி இல்லாதவர்கள் கட்டண இதழ்களை நினைத்து மனம் தளரும் முன் இதைப் பார்க்கலாம். இரண்டு நாளில் ஏற்றுக்கொள்கிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களை, தரம் பார்த்துத் திறந்த அணுக்க இதழ்களைத் தொகுக்கும் டிஓஏஜே பட்டியலில் தேடிப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் விலகிவிடுவது நல்லது.

பலர் கவனிக்காத மூன்றாவது வழியும் இருக்கிறது. சந்தா இதழில் வெளியிட்டுவிட்டு, ஏற்றுக்கொள்ளப்பட்ட கையெழுத்துப் படியைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் போடலாம். எந்த இதழ் எந்தப் படியை, எத்தனை மாதம் கழித்து அனுமதிக்கிறது என்பது ஓபன் பாலிசி ஃபைண்டர் (முன்பு ஷெர்பா ரோமியோ) தளத்தில் கிடைக்கும். துறை இதழின் மதிப்பீடும் கிடைக்கிறது, காசில்லாதவர்களும் படிக்க முடிகிறது. என்னைக் கேட்டால் முதல் கட்டுரைக்கு இதுதான் சிறந்த ஏற்பாடு.

தரவு சேகரிக்கும் முன்பே கேள்வியையும் முறையையும் மதிப்பீட்டுக்கு அனுப்பும் ரெஜிஸ்டர்டு ரிப்போர்ட் முறை 2013இல் கார்டெக்ஸ் இதழில் தொடங்கி, இப்போது 300க்கும் அதிகமான இதழ்களில் இருக்கிறது. திட்டம் ஏற்கப்பட்டால், முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுவார்கள். வருடக்கணக்கில் தம்பதிகளைப் பின்தொடரப் போகிறவருக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு இல்லை. தப்பான கேள்வியை இரண்டு வருடம் கழித்துக் கண்டுபிடிப்பதற்குப் பதில், முதலிலேயே யாராவது சொல்லிவிடுவார்கள். முதல் கட்ட மதிப்பீட்டுக்கே சில மாதங்கள் போகும் என்பதால், பட்டம் முடிக்கும் தேதி நெருங்கியவர்களுக்குப் பொருந்தாது. புத்தக அத்தியாயங்களை அழைப்பு வந்தால் எழுதலாம்; புதிய தரவை அங்கே புதைக்க வேண்டாம்.

தரவைத் திறப்பதா, பூட்டுவதா

இதழ்களைப் பிரித்துப் பார்க்க நான் அதிகம் பயன்படுத்தும் அளவுகோல் இதுதான். மூலத் தரவை எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டும் என்று சில இதழ்கள் வற்புறுத்துகின்றன. வேறு ஆய்வுகளில் பெயரையும் முகவரியையும் எடுத்துவிட்டால் ஓரளவு போதும். தம்பதித் தரவில் போதாது. தரவு அட்டவணையின் ஒரு வரியைப் பாருங்கள்: திருமணமாகி 9 வருடம், இரட்டைக் குழந்தைகள், மனைவி செவிலியர், கணவர் இரவுப்பணி, பங்கேற்ற மாதம் மார்ச். வெளியாளுக்கு இது யாரென்று தெரியாது. கணவருக்குத் தெரியும். அதே வரியின் அடுத்த கட்டத்தில், 'பிரிந்துவிடலாம் என்று நினைத்ததுண்டா' என்பதற்கு மனைவி போட்ட மதிப்பெண் இருக்கிறது.

2016இல் ஓகேகியூபிட் டேட்டிங் தளத்தின் சுமார் 70,000 பயனர்களின் விவரங்களை யாரையும் கேட்காமல் எடுத்து ஆய்வுத் தளத்தில் ஏற்றியபோது கிளம்பிய எதிர்ப்பு நியாயமானது. பிறகு அது அகற்றப்பட்டது. அதற்காக எல்லாவற்றையும் பூட்டி வைப்பதும் தவறு. 2015இல் ஒரு மரியாதைக்குரிய சமூகவியல் இதழில் வந்த கட்டுரை, மனைவி நோயுற்றால் விவாகரத்து வாய்ப்பு கூடுகிறது என்றது. செய்திகளில் பெரிதாகப் பேசப்பட்டது. பிறகு, ஆய்விலிருந்து பாதியில் விலகியவர்கள் எல்லோரும் கணினி நிரலில் விவாகரத்தானவர்களாகப் பதிவாகியிருந்தது தெரியவந்தது. ஆசிரியர்களே முன்வந்து கட்டுரையைத் திரும்பப் பெற்று, திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். திருத்திய கணக்கில் இதயநோய்க்கு மட்டுமே அந்தத் தொடர்பு மிஞ்சியது. பிழை இருந்த இடம் நிரல் வரிகளில்.

அதனால் நிரலையும் வினாத்தாளையும் முழுமையாகத் திறந்துவிடுங்கள், தம்பதிகளின் பதில்களைக் கோரிக்கையின் பேரில், உறுதிமொழி வாங்கிக்கொண்டு கொடுக்கும் காப்பகத்தில் வையுங்கள் என்பேன். இந்த ஏற்பாட்டை ஏற்கும் இதழா என்று அனுப்பும் முன்பே ஆசிரியருக்கு எழுதிக் கேட்டுவிடலாம். நேர்காணல் ஆய்வாளர்கள், உளவியல் கட்டுரைகளுக்கான சைஆர்கைவ் போன்ற தளத்தில் ப்ரீபிரிண்ட் (மதிப்பீட்டுக்கு முந்தைய படி) போடும் முன், பங்கேற்றவர்களின் நேரடி வாசகங்களை ஒருமுறை துணையின் கண்ணால் படித்துப் பார்ப்பது நல்லது. தேடுபொறியில் சிக்கும் வாசகம் வீட்டுக்கே திரும்பிப் போகும்.

இதற்கான அனுமதியைக் கட்டுரை எழுதும்போது கேட்க முடியாது. தரவு வாங்கும் நாளிலேயே இருவரிடமும் தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும்: எங்கே வைப்போம், யாருக்குக் கொடுப்போம், நீங்கள் பிரிந்துவிட்டால், அல்லது ஒருவர் மட்டும் விலகச் சொன்னால், மற்றவரின் பதில்களை என்ன செய்வோம் என்பது வரை.