நூலகம்.ஓர்க்: அம்மம்மாவின் கல்வெட்டைத் தேடிப் போன இடம்

யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டியது மட்டும் இல்லை. ஒருவர் இறந்து 31ஆம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகத்துக்கும் எங்கள் ஆட்கள் சொல்கிற பெயர் அதுதான். அட்டையில் படம், உள்ளே தேவார திருவாசகம், இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, வாழ்க்கை வரலாறு, வம்சவரிசை, கடைசியில் நன்றி நவிலல். எங்கள் அம்மம்மாவுக்கு 1986இல் அப்படி ஒன்று அடித்தார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்குப் பயந்து வலிகாமப் பகுதி முழுக்க எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது அது றங்குப்பெட்டிக்குள் இருந்தது. திரும்பிப் போனபோது பெட்டியும் இல்லை, கூரையும் இல்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அந்தப் புத்தகத்தைத் தேடித்தான் நூலகம் இணையத்தளத்துக்குப் போனேன். அது இரண்டு வருடத்துக்கு முந்திய கதை. அதற்குப் பிறகு கிழமையில் நாலைந்து தரமாவது போகிறேன், ஆகவே ஒழுங்காக ஒரு விமர்சனம் எழுதலாம் என்று நினைத்தேன்.

தெரியாதவர்களுக்கு: 2005 ஜனவரியில் தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து தொடங்கியது, இப்போது நூலக நிறுவனம் என்ற பெயரில் நன்கொடையில் நடக்கிறது. இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்கள் அச்சடித்தவற்றை ஸ்கேன் செய்து இலவசமாகப் போடுகிறார்கள். நூல், சஞ்சிகை, பத்திரிகை மட்டும் என்று நினைக்க வேண்டாம். கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர், துண்டுப் பிரசுரம், பிறகு நான் தேடின நினைவு மலர்களும் தனிப் பகுதியாகவே இருக்கின்றன. கல்வெட்டு எல்லாம் ஒரு புத்தகமா என்று எந்தப் பெரிய நூலகமும் தட்டிவிடும் சாமானை இவர்கள் எண் போட்டு அடுக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கு இதுதான் முதல் பெரிய விஷயம். ஓர் ஊரில் யார் வைத்தியம் பார்த்தார், எந்தக் குடும்பம் தவில் வாசித்தது, எந்தக் கிணற்றை யார் வெட்டுவித்தார், சிங்கப்பூர் மலாயாவுக்கு யார் எந்த வேலைக்குப் போனார் என்பதெல்லாம் வரலாற்றுப் புத்தகத்தில் கிடைக்காது, கல்வெட்டில்தான் கிடைக்கும்.

பாவிக்கிறது எப்படி என்று பார்த்தால், ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு பக்கம். நூலக எண், ஆசிரியர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் என்று ஒரு சின்ன அட்டவணை, கீழே 'வாசிக்க' என்ற தலைப்பில் பிடிஎஃப், பலவற்றுக்கு 'எழுத்துணரியாக்கம்' என்று இன்னொரு இணைப்பு, அதன் கீழே உள்ளடக்கம். இந்த உள்ளடக்கத்தை யாரோ இருந்து கையால் தட்டச்சுச் செய்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போதே மனம் நிறைகிறது, ஏனென்றால் 1966இல் தொடங்கின மல்லிகை மாதிரி ஒரு சஞ்சிகையின் ஒவ்வோர் இதழையும் திறந்து பார்க்காமலே எந்தக் கட்டுரை எதில் வந்தது என்று கண்டுபிடிக்க முடிவது அந்த உழைப்பால்தான். எழுத்துணரியாக்கம் மெஷின் வாசித்த எழுத்து. புதிய அச்சென்றால் பரவாயில்லை. ணை, லை, னை எல்லாம் பழைய வடிவத்தில் இருக்கும் பக்கங்களிலும் ஈயம் தேய்ந்த அச்சிலும் அது தடுமாறும். ஆகவே ஒரு சொல்லைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் அங்கே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், ஊர்ப் பெயரைப் போட்டு ஒவ்வொன்றாகத் திறவுங்கள். நான் தளத்தின் தேடுபெட்டியோடு கூகுளிலும் ஊர்ப் பெயரோடு 'நினைவு மலர்' என்று சேர்த்துத் தேடுவேன். சில கோப்புகள் பெரிது, கைத்தொலைபேசி டேட்டாவில் இறக்குகிறவர்கள் பக்கத்தில் போட்டிருக்கும் அளவைப் பார்த்துவிட்டு இறக்குங்கள்.

சரி, இனி நான் உண்மையில் எழுத வந்த விஷயம்.

இந்தத் தளத்தில் ஒரு புத்தகம் வாசிக்க என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பெயர் இல்லை, மின்னஞ்சல் இல்லை, தொலைபேசி எண் இல்லை. திறந்தேன், வாசித்தேன், மூடினேன். இதன் அருமை எனக்கு வேறொரு இடத்தில் அடிபட்ட பிறகுதான் விளங்கியது. நூலகத்துக்கு வர முந்தி வம்சவரிசை போடும் ஒரு செயலியைப் போனில் இறக்கினேன், பெயர் வேண்டாம். அம்மம்மாவின் பெயரை அடிக்க முந்தியே என் எண்ணைக் கேட்டது, பிறகு தொடர்புப் பட்டியலைக் கேட்டது, ஏதோ அவசரத்தில் சரி என்று அமத்திவிட்டேன். இரண்டாம் நாள் என் ஒன்றுவிட்ட சகோதரங்கள், என் வேலைத்தல மேலாளர், வீட்டுக்கு காஸ் கொண்டுவரும் அண்ணை வரைக்கும் என் பெயரில் அழைப்புப் போயிருந்தது. அழிக்கச் சொல்லி மூன்று தரம் எழுதினேன், பதில் இல்லை.

நல்ல நோக்கத்தோடு நடக்கிற இடங்களில்கூட இந்த ஆபத்து இருக்கிறது. 2023 ஒக்டோபரில் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தைக் கணினித் திருடர்கள் தாக்கி, காசு கொடுக்காததால் பணியாளர், பாவனையாளர் விபரங்களை வெளியே விட்டார்கள், நூற்பட்டியலே மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. அடுத்த வருடம் நூல்களையும் பழைய இணையப் பக்கங்களையும் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தாக்கப்பட்டது, 3 கோடிக்கு மேற்பட்ட கணக்குகளின் மின்னஞ்சல் முகவரிகள் போயின. இரண்டும் நான் மதிக்கும் இடங்கள்தான். ஆனால் போரைப் பற்றி, காணாமல் போனவர்களைப் பற்றி, தடைசெய்த காலத்துப் பிரசுரங்களைப் பற்றி வாசிக்கிற எங்கள் ஆட்களுக்கு 'யார் எதை வாசித்தார்' என்ற பட்டியல் சாதாரண பட்டியல் இல்லை. வாசிக்கக் கணக்குத் திறக்கத் தேவையில்லை என்ற ஒன்றுக்காகவே இந்தத் தளத்துக்கு முழுப் புள்ளி கொடுப்பேன். இனியும் அதை மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாசிக்கிறவரின் அந்தரங்கத்தைப் பற்றி இவ்வளவு சொன்னேன். அந்தப் பக்கங்களுக்குள் இருக்கிறவர்களின் அந்தரங்கம்?

அம்மம்மாவின் கல்வெட்டு தளத்தில் கிடைக்கவில்லை. ஆனால் அதே ஊரில் அதே காலத்தில் இறந்த இன்னொருவரின் கல்வெட்டு கிடைத்தது. அதில் பிள்ளையார் கோயில் தேர்முட்டி கட்டிய கதை இரண்டு பக்கத்துக்கு இருந்தது, கல் சுமந்தவர்களின் பெயர்களில் அம்மம்மாவின் தகப்பனும் இருந்தார். அவர் பெயரை அச்சில் நான் பார்த்தது அதுதான் முதல் தரம். அம்மாவுக்குப் போன் எடுத்து வாசித்துக் காட்டினேன், அவ நெடுநேரம் கதைக்கவில்லை.

அந்த உற்சாகத்தில் குடும்பம் முழுக்க விசாரித்ததில், அம்மம்மாவின் கல்வெட்டின் ஒரு பிரதி லண்டனில் சித்தியிடம் இருப்பது தெரியவந்தது. ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வைபரில் அனுப்பினா. நூலகத்துக்குக் கொடுப்போம் என்று நான் சொன்ன உடனேயே பிரச்சினை தொடங்கியது. வம்சவரிசையில் பெரியம்மாவின் முதல் கலியாணம் அப்படியே இருக்கிறது. அவவின் பிள்ளைகளுக்கு அது இன்றுவரை தெரியாது. காணாமல் போன மாமாவின் பெயருக்குப் பக்கத்தில் அவரின் இயக்கப் பெயரையும், அதாவது ஆயுத இயக்கத்தில் அவருக்கு வைத்த பெயரையும், யாரோ பேனையால் எழுதியிருக்கிறார்கள். அவரின் மகனுக்கு இப்போது வேலையும் குடும்பமும் கொழும்பில். பிறந்த ஊர், தாயின் கன்னிப் பெயர், பிறந்த திகதி எல்லாம் இருக்கிறது, வங்கிக்காரர் போனில் கேட்கிற கேள்விகளும் ஏறத்தாழ இவைதான். இப்போது வருகிற கல்வெட்டுகளில் பிள்ளைகளின் விலாசமும் தொலைபேசி எண்ணும்கூடப் போடுகிறார்கள்.

1986இல் முந்நூறு பிரதி அடித்தபோது இது ஊருக்குள் இருக்கும் என்றுதான் நினைத்தார்கள். அந்த முந்நூறு பேருக்கும் எல்லாம் ஏற்கெனவே தெரியும். இணையத்தில் போட்டால் உலகத்துக்கே போடுகிறோம், அதையும் கூகுள் தேடித் தருகிறது.

இதில் கஷ்டமான இடம் எதுவென்றால், நூலகத்தைப் பாதுகாக்கிறதே இந்தத் திறந்த வழிதான். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின, ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. ஒரே கட்டடத்தில் ஒரே பிரதி இருந்தவையும் அதில் போயின. இன்றைக்கு ஒரு பிடிஎஃப்பை நானும் கனடாவில் ஒருவரும் மட்டக்களப்பில் ஒரு மாணவியும் இறக்கி வைத்திருந்தால் யாராலும் அதை எரிக்க முடியாது. அதே காரணத்தால் பெரியம்மா நாளைக்கு அந்தப் பக்கத்தை எடுங்கள் என்று கேட்டாலும் எவராலும் எடுக்க முடியாது. தளத்தில் இருந்து எடுக்கலாம், இறக்கியவர்களின் கணினியில் இருந்து எடுக்க முடியாது. ஆகவே தீர்மானிக்க வேண்டியது ஏற்ற முந்தி.

இலங்கையில் 2016இன் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2022இன் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. அம்மம்மாவின் வம்சவரிசையை என்ன செய்வது என்று நான் அவற்றைப் பார்த்து முடிவெடுக்கப் போவதில்லை, அது குடும்பத்துக்குள் கேட்டுத் தீர்க்க வேண்டியது. நூலக நிறுவனத்திடம் நான் கேட்பது ஒன்றுதான்: நினைவு மலர்களை முழுதாக ஸ்கேன் செய்து முழுதாகவே வைத்திருங்கள், ஒரு பக்கத்தையும் கிழிக்க வேண்டாம். ஆனால் வாழ்கிறவர்களின் விலாசம், எண், பிறந்த திகதி உள்ள பக்கங்களைப் பொதுப் பார்வைக்கு ஒரு தலைமுறை பிந்தித் திறவுங்கள். கொடுக்கிற குடும்பங்களுக்கு அப்படியொரு வழி இருக்கிறது என்று தெரிந்தால், இன்றைக்குப் பயந்துபோய் அலுமாரிக்குள் வைத்திருக்கிற எத்தனையோ கல்வெட்டுகள் வெளியே வரும். எங்கள் மாமி ஒருவவிடம் மட்டும் பதினொன்று இருக்கிறது, கறையான் அரிக்கத் தொடங்கிவிட்டது.

புள்ளி கேட்டால் ஐந்துக்கு நாலரை. வேறு எந்தப் பெரிய நிறுவனமும் எங்கள் பள்ளிக்கூட மலரைத் தேடி வரப்போவதில்லை, வந்தது இவர்கள்தான். இயன்றவர்கள் மாதம் ஒரு சின்னத் தொகை அனுப்புங்கள், நானும் அனுப்புகிறேன்.

போன ஞாயிறு பெரியம்மாவிடம் நேரே கேட்டேன். கண்ணாடியைப் போட்டு அந்தப் பக்கத்தை மெல்ல மெல்ல வாசித்தா. "அம்மான்ர கதையும் கோயில் கதையும் போடு பிள்ளை. இந்தப் பக்கம் நான் இருக்குமட்டும் என்னோட கிடக்கட்டும்" என்றா. அந்த ஒரு தாளைத் தவிர மிச்சம் 22 பக்கத்தையும், பேனையால் எழுதின வரியை மறைத்து, இந்த மாதம் கொடுக்கிறேன்.