கியூபாவா, பிலிப்பைன்ஸா: எந்தப் பிடி இறுக்கமானது?

1898-இல் ஸ்பெயினைத் தோற்கடித்த அமெரிக்கா, அதன் குடியேற்ற நாடாக இருந்த பிலிப்பைன்ஸுக்காக அதற்கு 2 கோடி டாலர் கொடுத்தது. ஏற்கெனவே விடுதலையை அறிவித்திருந்த பிலிப்பைன்ஸ் புரட்சித் தலைவர் அகினால்டோவை யாரும் கேட்கவில்லை. 1899-இல் போர் மூண்டது. விடுதலைக்கு 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே போரில் ஸ்பெயினின் பிடியிலிருந்து விடுபட்ட கியூபாவின் கதை வேறு. அதை இணைத்துக்கொள்ள மாட்டோம் என்று அமெரிக்க காங்கிரஸே முன்கூட்டி வாக்குக் கொடுத்திருந்தது. 1902-இல் விடுதலையும் கிடைத்தது. ஆனால், வேண்டும்போது தலையிடும் உரிமையைக் கியூபாவின் அரசியல் சட்டத்திலேயே எழுதவைத்துவிட்டார்கள். வீட்டை ஒப்படைத்துவிட்டு மாற்றுச் சாவியை மடியில் கட்டிக்கொண்ட கதைதான். எனக்கு இதுவே பெரிய தந்திரமாகப் படுகிறது.

தங்கள் நாட்டிலிருந்த அமெரிக்காவின் சுபிக் விரிகுடாக் கடற்படைத் தளத்தை நீட்டிக்கும் ஒப்பந்தத்தை 1991-இல் பிலிப்பைன்ஸ் செனட் 12-11 என்ற வாக்குகளில் நிராகரித்தது. அடுத்த ஆண்டே காலி செய்தார்கள். கியூபாவிலுள்ள குவாந்தனாமோ கடற்படைத் தளமோ இன்னும் அமெரிக்காவின் கையில்தான். ஆண்டு வாடகை 4,085 டாலர். அந்தக் காசோலைகளை ஃபிடல் காஸ்ட்ரோ பணமாக்காமல் தன் மேசை இழுப்பறையில் போட்டுவைத்திருந்தார்.