லாக்கர் போட்ட ஜீப்புக்கு எந்த ஆக்சில் ஷாஃப்ட்? செட்டிநாட்டுக் கண்மாய் மண்ணிலிருந்து ஓர் ஒப்பீட்டு அலசல்

கடந்த மாசி மாதம், காரைக்குடிக்கும் திருமயத்துக்கும் இடையிலுள்ள ஒரு கண்மாயின் உள்வாயில், மேலே பொருக்குத் தட்டிக் கீழே உளையாகக் கிடந்த மண்ணில் என் பழைய மகிந்திரா ஜீப்பின் வலது பின்சக்கரம் இறங்கிவிட்டது. இடது சக்கரம் வரத்துக்கால் ஓரத்துச் செம்புராங்கல் பாறையின்மேல் நின்றது. இரு பின்சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் பின்பக்க லாக்கரைப் போட்டு, லோ கியரில் மெல்ல அழுத்தினேன். வண்டி ஒரு முழம் ஏறியது. அடுத்த நொடியில் வேட்டுப் போட்டதுபோல ஒரு சத்தம் கேட்டது. சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டான ஆக்சில் ஷாஃப்ட் உடைந்துவிட்டது. உடைந்தது உளையில் கிடந்த வலது பக்க ஷாஃப்ட் அன்று, பாறையில் உறுதியாக நின்ற இடது பக்க ஷாஃப்ட். லாக்கர் பூட்டியிருந்ததால் வலது சக்கரம் தொடர்ந்து சுற்றத்தான் செய்தது. ஆனால் உளையில் சுற்றி என்ன பயன்? கடைசியில் டிராக்டர்தான் இழுத்துக் கரை சேர்த்தது.

பிடிப்புள்ள பக்கம் ஏன் உடைகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் எந்த ஷாஃப்டை வாங்குவது என்ற கேள்விக்குப் பொருள் உண்டு. எஞ்சின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதியான சாதாரண டிஃபரென்ஷியல் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் அனுப்பும். ஒரு சக்கரம் வழுக்கினால், வழுக்கும் சக்கரத்துக்குத் தேவையான அந்தச் சிறு விசைக்கு மேல் மற்றதற்கும் கிடைக்காது. எண்களில் பார்ப்போம். பின்னச்சின்மீது 900 கிலோ எடை இருக்கிறது, சக்கரத்தின் ஆரம் 0.37 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரம் உராய்வுக் கெழு 0.2 உள்ள சேற்றில் நின்றால் ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் சுமார் 330 நியூட்டன் மீட்டர்தான் வரும். லாக்கரைப் போட்டதும், கெழு 0.8 உள்ள பாறையில் நிற்கும் சக்கரத்தின் ஷாஃப்டுக்குச் சுமார் 1,300 வரலாம். மற்றச் சக்கரம் அந்தரத்தில் தொங்கி, முழு எடையும் ஒரே சக்கரத்தில் இறங்கினால் அது 2,600 ஆகிறது. முதல் நிலையைவிட எட்டு மடங்கு. இவ்வளவையும் தர எஞ்சினால் முடியுமா என்று ஐயப்பட வேண்டியதில்லை. 250 நியூட்டன் மீட்டர் தரும் ஒரு டீசல் எஞ்சின், முதல் கியர், லோ ரேஞ்ச், அச்சின் நடுவிலுள்ள கிரவுன்-பினியன் பற்சக்கரங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்து நாற்பது மடங்கு பெருக்கினால், பத்தாயிரத்தைத் தொடும். அதில் பாதி பின்னச்சுக்கு வந்தாலே போதும். எனவே ஷாஃப்டுக்கு வரும் சுமையின் எல்லையைத் தீர்மானிப்பது எஞ்சின் அன்று, டயரின் பிடிப்புதான்.

உடைந்த துண்டை எடுத்துக்கொண்டு நான் வழக்கமாகப் போகும் லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறை அண்ணன் அதை மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். “வெட்டுவாயைப் பாருங்க தம்பி, இது நேத்து உடைஞ்சதில்ல” என்றார். ஊருணியில் தண்ணீர் வற்ற வற்றப் படிகளில் கோடு கோடாகத் தடம் விழுமே, அதுபோல விளிம்பிலிருந்து உள்நோக்கி மெல்லிய வளைகோடுகள் தெரிந்தன. அது சோர்வு விரிசல். பல மாதங்களாக ஸ்ப்லைன், அதாவது ஷாஃப்ட் முனையில் நீளவாட்டில் வெட்டிய பற்கள், முடியும் இடத்திலிருந்து சிறிது சிறிதாகப் பரவி, மீதியிருந்த நடுப்பகுதி மட்டும் அன்று ஒரே அடியில் அறுந்திருக்கிறது. விரிசல் ஏதும் இல்லாமல் மிகைச் சுமையால் மட்டும் உடைந்திருந்தால், மென்மையான எஃகு குறுக்கே தட்டையாக அறுந்திருக்கும். மிகக் கடினமான எஃகு, சாக்பீஸை முறுக்கி உடைத்ததுபோல 45 பாகைச் சாய்வில் பிளந்திருக்கும். புதிய ஷாஃப்டைத் தேடும் முன் பழையது எப்படி உடைந்தது என்று பார்ப்பது, செலவில் பாதியை மிச்சப்படுத்தும் வேலை.

முதல் தெரிவு, கம்பெனி ஷாஃப்டையே திரும்பப் போட்டு, ஒன்றைக் கூடுதலாக வண்டியில் வைத்துக்கொள்வது. இதை ஏளனம் செய்வோர் உண்டு, நான் செய்யமாட்டேன். கம்பெனி ஷாஃப்டுகள் பெரும்பாலும் நடுத்தரக் கார்பன் எஃகில் செய்யப்பட்டு, மேற்பரப்பு மட்டும் மின்தூண்டல் முறையில் கடினமாக்கப்பட்டவை. முறுக்கும்போது தகைவு மிகுவது மேற்பரப்பில்தான் என்பதால் அது புத்திசாலித்தனமான ஏற்பாடு: தோல் கடினமாகத் தாங்குகிறது, உள்ளே இருக்கும் மென்மையான பகுதி திடீர் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. ஓர் அரத்தை எடுத்து அந்த ஷாஃப்டின்மேல் தேய்த்துப் பாருங்கள். அது பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். கம்பெனி அளவு டயரோடு, லாக்கரை மாதத்துக்கு இரண்டு முறை மட்டும் போடுபவருக்கு இதுவே போதும்.

இரண்டாவது தெரிவுதான் நம் பக்கத்தில் எல்லாரும் முதலில் கேட்பது: “ஈ.என். 24-ல் கடைஞ்சு போட்டுடலாமா?” நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த இந்த எஃகு, அமெரிக்க 4340 எஃகுக்கு நெருங்கிய உறவு, கார்பன் சுமார் 0.4 விழுக்காடு, நிக்கல் சுமார் 1.5 விழுக்காடு. திருச்சியிலும் கோயம்புத்தூரிலும் கம்பியாகக் கிடைக்கும், ஸ்ப்லைன் வெட்ட ஹாபிங் இயந்திரமும் அங்கு உண்டு. இவ்வளவும் உண்மை. பொய்யாவது, பெயரைக் கேட்டதும் வரும் நம்பிக்கைதான்.

கடையில் வாங்கும் ஈ.என். 24 பெரும்பாலும் ‘டி’ நிலையில், அதாவது லேத்தில் எளிதாகக் கடையக்கூடிய அளவுக்கு மட்டும் பதப்படுத்தப்பட்டு வருகிறது. அந்நிலையில் அதன் இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்கு 850 முதல் 1,000 நியூட்டன் வரை இருக்கும். நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் நெகிழும் எல்லை சுமார் 650. முறுக்கில் அது ஏறக்குறைய 375 ஆகக் குறையும். ஸ்ப்லைன் அடிவிட்டம் 30 மில்லிமீட்டர் உள்ள ஷாஃப்டுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 2,000 நியூட்டன் மீட்டரில் அது நிரந்தரமாக முறுக்கிக்கொள்ளத் தொடங்கும். மேலே ஒற்றைச் சக்கரத்துக்கு வரலாம் என்று சொன்ன 2,600-ஐ நினைவில் கொள்ளுங்கள். கம்பியை வாங்கி, கடைந்து, அப்படியே மாட்டினால், மேற்பரப்பு கடினமாக்கிய கம்பெனி ஷாஃப்டைவிட நலிந்த ஒன்றைக் கூடுதல் விலை கொடுத்து மாட்டியதாகவே முடியும். கடைந்த பிறகு தோய்ச்சல் வைத்து, அதாவது சூடேற்றிச் சட்டெனக் குளிரவைத்து, மீண்டும் சூடாக்கிப் பதம் இறக்கி, இன்னும் உயர்ந்த வலிமைக்குக் கொண்டுவர வேண்டும். நீளமான ஷாஃப்ட் தோய்ச்சலில் வளையும் என்பதால், நிமிர்த்தி, பேரிங் உட்காரும் இடத்தைக் கடைசியாகக் கிரைண்டிங் செய்ய வேண்டும். இதையெல்லாம் செய்துதரும் இடங்கள் உண்டு; ஆனால் பட்டறையில் “தோய்ச்சல் எங்கே வைக்கிறீர்கள், கடினத்தன்மையை எதில் அளக்கிறீர்கள்” என்று கேட்டதும் பேச்சு வேறு பக்கம் திரும்பினால், அட்வான்ஸ் கொடுக்காமல் எழுந்துவருவதே நல்லது.

வடிவத்திலும் ஒன்று கவனிக்க வேண்டும். ஸ்ப்லைன் முடிந்து உடல் தொடங்கும் இடத்தில் கூரான மூலை விடக்கூடாது. வளைவான ஆரம் கொடுத்து, கடைசல் தடம் தெரியாமல் மெருகிட வேண்டும். உடலைத் தடிமனாக விட்டால் வலு கூடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் உடலின் விட்டம் ஸ்ப்லைனின் அடிவிட்டத்தைவிடச் சற்றுக் குறைவாக இருந்தால், முறுக்கம் முழு நீளத்துக்கும் பரவி, ஸ்ப்லைன் வாயில் குவியாமல் இருக்கும். என் பழைய ஷாஃப்டில் விரிசல் பிறந்த இடம் அந்த வாய்தான்.

இறக்குமதியாகும் 4340 ஷாஃப்டுகள் மூன்றாவது தெரிவு. உலோகத்தில் ஈ.என். 24-க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நாம் பணம் கொடுப்பது தோய்ச்சலின் சீர்மைக்கும், ஸ்ப்லைனின் துல்லியத்துக்கும், ஒன்று உடைந்தால் அதே அளவில் இன்னொன்று கிடைக்கும் என்ற உறுதிக்கும். சரக்குக் கட்டணமும் சுங்கமும் சேரும்போது பொருளின் விலை என்ன, வழிச்செலவு என்ன என்று பிரித்தறிய முடியாமல் போய்விடும். எங்கள் பக்கத்தில் ஐந்தொகை எழுதிப் பழகிய பெரியவர் யாரிடமாவது அந்த ரசீதைக் காட்டினால், முதலில் ஒரு பெருமூச்சு வரும். இருந்தாலும், உலகமெங்கும் ஓடும் டானா 44 என்ற அமெரிக்க அச்சைப் போன்ற ஒன்றை வைத்திருப்பவருக்கு இது தலைவலி இல்லாத வழி. பழைய இந்திய ஜீப்புகளில் நீளமும் ஸ்ப்லைன் எண்ணிக்கையும் வண்டிக்கு வண்டி வேறுபடும் என்பதால், கழற்றி அளந்து பார்க்காமல் ஆர்டர் கொடுக்கக்கூடாது.

தடித்த ஷாஃப்ட், கூடுதல் ஸ்ப்லைன் என்ற நான்காவது தெரிவின் கணிதம் கவர்ச்சியானது. முறுக்கு வலிமை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும்; விட்டம் பத்து விழுக்காடு கூடினால் வலிமை முப்பத்து மூன்று விழுக்காடு கூடும். 27 ஸ்ப்லைன் கொண்ட 1.18 அங்குல ஷாஃப்டிலிருந்து 30 ஸ்ப்லைன் கொண்ட 1.31 அங்குல ஷாஃப்டுக்கு மாறினால், எஃகை மாற்றாமலே வலிமை மூன்றில் ஒரு பங்குக்குமேல் ஏறுகிறது. சிக்கல் என்னவென்றால், ஸ்ப்லைன் மாறினால் லாக்கரும் மாற வேண்டும். ஏற்கெனவே லாக்கர் வாங்கிவிட்டவருக்கு இது பொருந்தாது. இனிமேல்தான் வாங்கப்போகிறவர் முதலில் ஷாஃப்டைத் தீர்மானித்து, பிறகு அதற்கேற்ற லாக்கரை வாங்கட்டும். நான் தலைகீழாகச் செய்தவன்.

இனி, எஃகின் பெயரைவிட முக்கியம் என்று நான் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். பழைய ஜீப்புகளின் பின்னச்சு பாதி மிதக்கும் வகை: ஷாஃப்டே முறுக்கையும் சுமக்கிறது, வண்டியின் எடையையும் சுமக்கிறது. அதிலும் பலவற்றில் சக்கரத்தை மாட்டும் ஹப் தனித்துண்டு. ஷாஃப்டின் கூம்பு முனையில் சாவி எனப்படும் சிறு எஃகுத் துண்டை வைத்து நட்டால் இறுக்கியிருப்பார்கள். முறுக்கைத் தாங்குவது உண்மையில் அந்தக் கூம்பின் இறுக்கம்தான். நட்டு சற்றுத் தளர்ந்தால், லாக்கர் தரும் முன்பின் அதிர்வில் சாவி நறுங்கி, ஷாஃப்ட் முழுசாக இருக்கவே சக்கரம் நின்றுவிடும். இதற்கு, சக்கரம் மாட்டும் தட்டான ஃபிளேஞ்சோடு ஒரே துண்டாகச் செய்த ஷாஃப்ட் நல்ல மாற்று. பேரிங்குக்கு வெளியே உடைந்தால், சக்கரமே டிரம்மோடு கழன்று போகும் ஆபத்து மட்டும் இதிலும் மீதியிருக்கிறது.

முழுதும் மிதக்கும் அச்சில் எடையை அச்சின் வெளிக்கூடான ஹவுசிங்கின் முனையும் இரண்டு பேரிங்குகளும் தாங்கிக்கொள்ளும். ஷாஃப்டுக்கு முறுக்கு மட்டுமே வேலை. உடைந்தால் ஹப்பின் போல்ட்டுகளைக் கழற்றி, ஜாக்கி வைக்காமலே ஷாஃப்டை உருவிவிட்டு முன்சக்கர இழுவையில் வீடு திரும்பலாம். இரண்டாம் உலகப்போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் பின்னச்சு இந்த வகைதான். பிறகு வந்த பலவற்றில் இதைக் கைவிட்டார்கள். ஆகவே “ஷாஃப்ட் ஒரு ஃப்யூஸ், அது உடைந்து கிரவுன்-பினியனைக் காப்பாற்றட்டும்” என்ற வாதத்தை முழுதும் மிதக்கும் அச்சில் நான் ஏற்கிறேன், பாதி மிதப்பதில் ஏற்கமாட்டேன். ஓடும்போது சக்கரத்தையே இழக்கவைக்கும் ஃப்யூஸ் யாருக்கு வேண்டும்? அச்சையே மாற்ற நினைப்பவர்கள், கம்பெனி விவரக்குறிப்பிலிருந்து வண்டியை மாற்றுவது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும் படித்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

லாக்கரின் வகையும் ஷாஃப்டின் ஆயுளைத் தீர்மானிக்கும். காற்றிலோ மின்சாரத்திலோ ஓட்டுநர் பூட்டும் வகையில், சக்கரம் நின்றிருக்கும்போதே பூட்டிவிட்டு மெல்ல அழுத்தலாம். மகிந்திராவின் தார் வண்டியின் சில வகைகளில் வரும் இயந்திர லாக்கர், இரு சக்கரங்களுக்கும் இடையே நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வேறுபாடு வந்த பிறகே தானாகப் பூட்டும்; அதாவது ஒரு சக்கரம் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் கணத்தில் பிடிக்கும். கனத்த டயர் போட்டிருந்தால் அந்த அதிர்ச்சி இன்னும் பெரிது. இவ்வகை வைத்திருப்பவருக்குக் கடினம் மட்டும் போதாது. அதிர்ச்சியை வாங்கும் குணமும் ஷாஃப்டில் வேண்டும்.

முன்னச்சைப் பற்றிச் சுருக்கமாக. சக்கரம் திரும்பும்போதும் சுழற்சியைக் கடத்தும் யு-ஜாயின்ட் என்ற மூட்டு உள்ள முன்னச்சில், ஸ்டியரிங்கை முழுதும் திருப்பி லாக்கரையும் போட்டால் முதலில் போவது அந்த மூட்டின் நடுவிலுள்ள சிலுவை வடிவக் கிராஸ். அது போகும்போது இருபுறத்து ஷாஃப்டின் காதுகளையும் கிழித்துக்கொண்டு போகும். ஷாஃப்டை மட்டும் மாற்றிக் கிராஸைப் பழையதாக விடுவது வீண்செலவு.

எனக்கு எது சரிப்பட்டது? ஃபிளேஞ்சோடு ஒரே துண்டாக ஈ.என். 24-ல், தோய்ச்சலும் கடினத்தன்மை அளவீடும் எழுத்தில் கேட்டு வாங்கிய ஒரு ஜோடி. கம்பெனி அளவைவிட ஓர் அளவு மட்டும் பெரிய டயர். ஓட்டுநர் பூட்டும் லாக்கர். பாறையும் உளையும் அடுத்தடுத்து வரும் எங்கள் மண்ணுக்கு இந்தக் கூட்டணி போதும். பிரான்மலைப் பக்கம் கற்பாறைகளிலேயே ஏறுவதுதான் ஒருவரின் ஆசை என்றால், அவர் முழுதும் மிதக்கும் அச்சுக்கே நேராகப் போகட்டும்.

மாட்டுவதற்கு முன் பட்டறை அண்ணன் ஒரு வேலை செய்தார். இரு ஷாஃப்டுகளின் நீளத்துக்கும் வெள்ளைப் பெயிண்டால் நேர்கோடு ஒன்று இழுத்தார். ஆறு மாதம் கழித்து உருவிப் பார்க்கும்போது கோடு நேராக இருந்தால் ஷாஃப்ட் நலம். கொடிபோலச் சற்றே சுற்றியிருந்தால், உடையாவிட்டாலும் அது முறுக்கிக்கொண்டுவிட்டது, கழற்றிப் போட வேண்டியதுதான். புரட்டாசியில், அடுத்த மழைக்கு முன், உருவிப் பார்க்கப்போகிறேன்.