கொக்குவெள்ளைச் சேவலும் ஹேர் டிரையரும்: மூன்று ஆண்டு அனுபவம்

மன்னார்குடி நண்பர் ஒருவர், என்னிடம் இருக்கும் அதே ஹேர் டிரையர் 1,400 ரூபாயிலிருந்து 950-க்கு இறங்கிவிட்டதாகவும், தம் கிளிமூக்கு விசிறிவால் சேவலுக்கு வாங்கலாமா என்றும் கேட்டார். போன வாரம்தான் கும்பகோணத்தில் என் டிரையருக்குச் சூடேற்றும் காயில் மாற்றி வந்தேன்.

2022 ஐப்பசியில் வாங்கியது. அடைமழையில் என் கொக்குவெள்ளைச் சேவலைக் குளிப்பாட்டுவது எளிது, உலர்த்துவதுதான் பெரும்பாடு. எங்கள் வண்டல் சேறு வால் நுனியில் காய்ந்தால் கொக்குவெள்ளை நிறத்தில் பழுப்புக் கறையாக நின்றுவிடும். வெதுவெதுப்பான நீரில் குழந்தைகளுக்கான ஷாம்புவைக் கரைத்து, இறகு வளர்ந்த போக்கிலேயே நீவிக் கழுவி, இரண்டு முறை அலசினால்தான் போகும். துண்டால் ஒற்றிய பிறகும், மூட்டம் போட்ட நாளில் அடிப்பஞ்சு பொழுது சாயும்வரை ஈரமாகவே கிடக்கும். அதை டிரையர் முக்கால் மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தது. ஒட்டிக் கிடந்த கழுத்து இறகுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து எழும்புவதும், சேவல் கண்ணை மூடி என் மடியில் சாய்வதும் எனக்கு இன்றுவரை அலுக்கவில்லை.

ஆனால் வெதுவெதுப்பு என்ற நிலையே அதில் இல்லை. குறைந்த வேகத்திலும் கை பொறுக்காத சூடு. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, இயல்பான உடல் வெப்பமே ஏறத்தாழ 41 டிகிரி என்பதால், சிறிது நேரத்திலேயே வாயைப் பிளந்து இரைக்கத் தொடங்கிவிடும். குளிர்காற்றுப் பொத்தானோ விரலால் அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் வேலை செய்யும். மின்னழுத்தம் குறையும் நேரங்களில் மட்டும், நான் கேட்கும் அந்த இளஞ்சூட்டில் அது ஊதுகிறது.

சென்ற தை மாதம், சேவல் கண்காட்சிக்கு மூன்று நாள் முன்பு குளிப்பாட்டினேன். வாலடி எண்ணெய்ச் சுரப்பியை அலகால் தொட்டு இறகை நீவி, ஷாம்பு கரைத்த பளபளப்பை மீட்டுக்கொள்ளச் சேவலுக்கு அந்த அவகாசம் வேண்டும். உலர்த்தும்போது கட்டைவிரல் மரத்துப் பொத்தான் நழுவியது. சூடு கொண்டையில் பட்டதும் சேவல் துள்ள, நீண்ட வால் இறகு ஒன்று நாற்காலிக் கையில் சிக்கி நடுவில் முறிந்தது. வளைந்த இறகென்றால் நீராவி காட்டி நிமிர்த்தியிருப்பேன். முறிந்தது அடுத்த உதிர்வுவரை அப்படியேதான் நிற்கும். கண்காட்சிக்குப் போகவில்லை.

மூன்று ஆண்டில் காயிலைத் தவிர எதுவும் கெடவில்லை, ஓர் இறகுகூடக் கருகவில்லை. இருந்தும் 950-க்கும் வாங்க வேண்டாம் என்றே நண்பரிடம் சொன்னேன். விலை கூடினாலும், சூட்டைத் தனியாகக் குறைக்க வழியுள்ளதையே அவர் வாங்கட்டும். முறிந்த இடத்தில் புது இறகு இப்போது நான்கு விரல் நீளம் வந்திருக்கிறது. அது முழுதாக வளரும்வரை இந்த டிரையரை அதன் பக்கத்தில் கொண்டுபோக மாட்டேன்.