"தமிழ்ப்பள்ளியில் இடம் உறுதி" விளம்பரம்: கோலாலம்பூருக்கு வீடு மாறி வருபவர்கள் கவனத்திற்கு

செந்தூல், செத்தாபாக், கெப்போங் பக்கம் வீடு மாறி வரப்போகிறவர்கள், அதிலும் பினாங்கு, பேரா, ஜோகூரிலிருந்து பள்ளி வயதுப் பிள்ளைகளோடு வருகிறவர்கள், இதைப் படித்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். "தமிழ்ப்பள்ளியில் இடம் உறுதி, பள்ளி மாற்றம் விரைவில், அலைச்சல் இல்லை" என்று வாட்சாப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. அதைப் போட்ட ஆளிடம் 800 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தோம். கிடைத்தது ஒரு போலிக் கடிதம். பிள்ளை பள்ளிக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம்.

பெயரை நான் இங்கே போடவில்லை. போலீஸ் புகார் நடப்பில் இருக்கிறது. தவிர, எங்களிடம் சொன்ன பெயர் அவனுடைய பெயர்தானா என்பதே சந்தேகம்.

பினாங்கு மாநிலத்துப் பிறையில் இருந்த என் கணவரின் வேலை கோலாலம்பூருக்கு மாறியது. புக்கிட் மெர்தாஜாம் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு செத்தாபாக்கில் ஒரு ஃபிளாட் பிடித்தோம். மகள் நான்காம் ஆண்டு. பள்ளியாண்டின் நடுவில் மாற்ற வேண்டிய நிலை. புதுத் தாமானின் (குடியிருப்பின்) வாட்சாப் குழுவில் சேர்ந்ததும், பக்கத்தில் இருக்கும் பெரிய தமிழ்ப்பள்ளியில் சேர்க்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். குழுவில் யாரும் பதில் போடுவதற்குள் தனியாக ஒரு மெசேஜ் வந்தது. "அக்கா, அங்க நேரா போனா இடமே இல்லன்னு அனுப்பிருவாங்க. கவலப்படாதீங்க, நமக்கு உள்ள ஆள் இருக்கு."

'இடமே இல்லை' என்பதில்தான் அவனுடைய வியாபாரமே நிற்கிறது. கோலாலம்பூரில் 15 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றில் நெருக்கடி இருப்பது உண்மைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் நாடு முழுக்கப் பார்த்தால் நிலைமை நேர்மாறு. 2000களின் கடைசியில் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளி மாணவர் எண்ணிக்கை பிற்பாடு சுமார் 80 ஆயிரத்துக்கு இறங்கிவிட்டது. 150 பிள்ளைகள்கூட இல்லாத பள்ளிகள் நிறைய. பிள்ளை பிடிக்க ஆசிரியர்கள் வீடு வீடாகப் போகிற காலத்தில், தமிழ்ப்பள்ளியில் இடத்துக்கு விலை வைத்து ஒருவன் விற்கிறான். புது ஊருக்கு வந்தவர்களுக்கு எந்தப் பள்ளியில் கூட்டம், எதில் காலி என்பது தெரியாது. தெரியாத அந்த இடைவெளியில்தான் அவன் கடை போடுகிறான்.

முதலில் 350 வெள்ளி கேட்டான், 'ஃபைல் திறக்க'. ரசீது கொடுத்தான், அதில் கம்பெனிப் பெயர், பதிவு எண், ரப்பர் முத்திரை எல்லாம் இருந்தது. எதற்கான பணம் என்ற இடத்தில் 'சேவைக் கட்டணம்'. பிள்ளையின் பிறப்புப் பத்திரம், எங்கள் இருவரின் ஐசி (அடையாள அட்டை), வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்களை வாங்கிக்கொண்டான். பணத்தை அனுப்பச் சொன்ன வங்கிக் கணக்கு ஒரு பெண் பெயரில் இருந்தது. கேட்டதற்கு, "என் மாமி அக்கா, கம்பெனி கணக்கு அவங்க பேர்லதான்" என்றான்.

அதற்குப் பிறகு அவன் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான். பள்ளிக்குப் போகாதீர்கள். பழைய பள்ளிக்கும் போன் செய்யாதீர்கள். கல்வி இலாகாவுக்கும் போகாதீர்கள். "நீங்க தனியா போய்க் கேட்டா ரெண்டு ஃபைலாயிரும், சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணிரும்." கேட்பதற்கு ஏதோ தொழில் தெரிந்தவன் பேச்சு மாதிரியே இருக்கும். பணம் கேட்பவர்கள் எல்லாரும் திருடர்கள் இல்லை. நகல் எடுத்துக் கொடுத்து, மலாயில் பாரம் (படிவம்) நிரப்பிக் கொடுத்துப் பத்து இருபது வெள்ளி வாங்குகிற நல்லவர்களும் நம் கடைத்தெருக்களில் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் உங்களை அலுவலகப் பக்கம் போகாதே என்று தடுக்க மாட்டார்கள். முடிவெடுக்க அதிகாரம் உள்ளவரிடம் நீங்கள் நேரே பேசக்கூடாது என்று ஒருவன் சொன்னால், அங்கேயே கதை முடிந்தது.

அடுத்து 450 வெள்ளி, 'இடத்தை லாக் செய்ய'. அது போன பிறகு வாட்சாப்பில் கடிதம் வந்தது. மேலே நாட்டுச் சின்னம், கல்வி இலாகாவின் பெயர், மகளின் பெயர், பிறப்புப் பத்திர எண் எல்லாம் சரியாக. பள்ளியில் சேர வேண்டிய தேதி மட்டும் காலி. "அடுத்த வாரம் கன்ஃபர்ம் ஆகும்" என்றான். அடுத்த வாரம் அதற்கு அடுத்த வாரமானது. பிறகு மூன்றாவதாக ஒன்று வந்தது: பாடநூல் வைப்புத்தொகை, சேர்க்கைக் கட்டணம், எல்லாம் சேர்த்து 280 வெள்ளி.

அங்கேதான் மாட்டிக்கொண்டான். அரசாங்கப் பள்ளிகளில் பாடநூல் இரவல் திட்டத்தில்தான் வருகிறது. ஆண்டு முடிவில் திருப்பிக் கொடுக்கிறோம், வைப்புத்தொகை என்று எதுவும் நான் கட்டியதில்லை. தொடக்கப் பள்ளிகளில் முன்பு வாங்கிக்கொண்டிருந்த 24.50 வெள்ளிக் கட்டணத்தையே 2012ல் அரசாங்கம் எடுத்துவிட்டது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குக் கொடுப்பது நன்கொடை, அது இருந்தால்தான் பிள்ளையைச் சேர்ப்போம் என்று சொல்ல முடியாது. இதை அவனிடம் சொன்னேன். "கேஎல்ல ரூல்ஸ் வேற அக்கா" என்றான். கல்வி அமைச்சு ஒன்றுதான், தம்பி.

அதே நேரத்தில் பழைய பள்ளியிலிருந்து வகுப்பாசிரியை அழைத்தார். பிள்ளை வரவில்லை, எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டியிருக்கிறது, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். பள்ளி மாற்றத்துக்கு விண்ணப்பம் எதுவும் அவர்களிடம் வரவே இல்லை. அன்றே கடிதத்தை எடுத்துக்கொண்டு செத்தாபாக்கில் அந்தப் பள்ளிக்கே போனேன்.

அலுவலகக் கிராணியம்மா (எழுத்தர்) கடிதத்தை வாங்கி ஒரு பார்வை பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு பார்வை பார்த்தார். "இது எங்கேருந்து வந்துச்சும்மா?" அரசாங்கக் கடிதம் என்றால் மேலே 'ருஜுக்கான் காமி' (எங்கள் குறிப்பு எண்) என்ற இடத்தில் கோப்பு எண் இருக்க வேண்டும், இதில் அந்த வரி இருந்தது, எண் இல்லை. கீழே கையெழுத்துக்கு மேல் ஒரு முழக்கவரி இருக்கும். 2023க்குப் பிறகு அது 'மலேசியா மடானி'. எங்கள் கடிதத்தில் அதற்கு முந்தைய முழக்கமான 'வாவாசான் கெமாக்மூரான் பெர்சாமா 2030'. பழைய கடிதம் ஒன்றை ஸ்கேன் செய்து பெயரையும் தேதியையும் மாற்றியவன் முழக்கத்தை மாற்ற மறந்துவிட்டான். 800 வெள்ளி வாங்கிக்கொண்டு அந்த வேலையைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை.

தலைமையாசிரியை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். மாணவர் பதிவு கணினியில் இருக்கிறது. பழைய பள்ளி விடுவித்தால்தான் புதுப் பள்ளி ஏற்க முடியும். கையில் கடிதம் கொண்டு வந்து கொடுத்து நடக்கிற விஷயமே இல்லை என்று விளக்கினார். எங்களுக்கு முன்பும் ஒரு தாய் இதே மாதிரிக் கடிதத்தோடு வந்திருக்கிறாராம். அவருக்கு வீடு வேறு பகுதியில் இருந்ததால், பள்ளிக்குப் பக்கத்து முகவரியில் ஒரு மின்கட்டண ரசீதையும் அந்த ஆளே தயாரித்துக் கொடுத்திருக்கிறான். அந்தப் போலி ரசீதை அலுவலகத்தில் நீட்டியவர் அந்தத் தாய். பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியதும் அவர்தான். பணம் போவதைவிட இது பெரிய ஆபத்து.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது பேச்சு மாறியது. "அக்கா, நீங்க கொடுத்தது உள்ள இருக்கிற ஆளுக்குப் போயிருச்சு. ரிப்போர்ட் பண்ணீங்கன்னா லஞ்சம் கொடுத்ததுக்கு எஸ்பிஆர்எம் (ஊழல் தடுப்பு ஆணையம்) உங்களத்தான் மொதல்ல கூப்பிடும்." இதை நன்றாகக் கவனியுங்கள், பலர் வாயை மூடிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இந்த ஒரு வாக்கியம். 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி லஞ்சம் வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம், அது உண்மை. அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு மிரட்டுகிறான். ஆனால் நாங்கள் கட்டியது ரசீதில் அவனே எழுதிக் கொடுத்த சேவைக் கட்டணம். 'உள்ளே' பணம் போனது என்று அவன் சொன்னது, பணத்தைத் திருப்பிக் கேட்ட பிறகுதான். ரசீதையும் வாட்சாப் உரையாடலையும் பார்த்த போலீஸ் அதிகாரி குற்றவியல் சட்டத்தின் 420ஆவது பிரிவில், அதாவது ஏமாற்று வழக்காகத்தான் பதிவு செய்தார். அந்தப் பிரிவில் ஓராண்டு முதல் பத்தாண்டு வரை சிறை, பிரம்படி, அபராதம். உங்களிடம் ஒருவன் முதலிலேயே 'அதிகாரிக்குக் கொடுக்கணும்' என்று கேட்டால், பணம் கொடுப்பதற்கு முன்பே 1-800-88-6000 என்ற எண்ணில் ஊழல் தடுப்பு ஆணையத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

பணம் இன்னும் வரவில்லை. வரும் என்ற நம்பிக்கையும் எனக்குப் பெரிதாக இல்லை. 997 என்ற மோசடி மைய எண் 2022லிருந்து இருக்கிறது, ஆனால் பணம் போன உடனே அழைத்தால்தான் அது உதவும்; கணக்கு கணக்காகப் பணம் ஓடுவதற்குள் நிறுத்துவதுதான் அவர்கள் வேலை. எங்கள் பணம் போய் வாரக்கணக்கில் ஆகிவிட்டிருந்தது. போலீஸின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்த மாமியின் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தோம், எந்தப் புகாரும் இல்லை என்று காட்டியது. அதை நம்பி நிம்மதி அடையாதீர்கள். ஏற்கெனவே யாராவது புகார் கொடுத்திருந்தால்தான் அதில் தெரியும். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி 50 ஆயிரம் வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம். நல்ல வழிதான், ஆனால் யார்மேல் கோருகிறோமோ அவருடைய முகவரி வேண்டும். ரசீதில் இருந்த பதிவு எண்ணை நிறுவனங்கள் ஆணையத்தின் தளத்தில் தேடினால் அப்படி ஒரு கம்பெனியே இல்லை. இந்தத் தேடலைப் பணம் கட்டுவதற்கு முன் செய்தால் போன் இருக்கிற எவருக்கும் சில நிமிட வேலை.

மகளின் விஷயம் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். சாதாரணமாக முடிந்தது. புக்கிட் மெர்தாஜாமில் பழைய பள்ளிக்குப் போனோம். பாரம் கொடுத்தார்கள், நிரப்பினோம். பிறப்புப் பத்திர நகல், எங்கள் ஐசி நகல்கள், புது வீட்டு வாடகை ஒப்பந்தம், கணவரின் வேலை மாற்றக் கடிதம், அவ்வளவுதான். இரவல் வாங்கிய பாடநூல்களைத் திருப்பிக் கொடுத்தோம். தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டார், மேற்கொண்டு கல்வி இலாகா பார்த்தது. ஒரு காசு கட்டவில்லை. கேட்ட பள்ளியே கிடைக்கும் என்று எந்த அதிகாரியும் சொல்லவில்லை, கிடைக்கவும் இல்லை. காலியிடம் இருந்த வேறொரு தமிழ்ப்பள்ளியில் போட்டார்கள். சின்னப் பள்ளி, வகுப்பில் கூட்டமில்லை, வீட்டிலிருந்து இன்னும் பக்கம். எனக்கு ஒரு குறையும் இல்லை. பெரிய பள்ளிதான் வேண்டும் என்று நின்றிருந்தால் இன்னும் அந்த 'உள்ளே இருக்கிற ஆள்' கதையைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருப்போம்.

முதலாம் ஆண்டுக்குச் சேர்ப்பவர்களுக்கு வழி வேறு: கல்வி அமைச்சின் ஐடிமீ தளத்தில் பெற்றோரே பதிய வேண்டும். அதையும் 'நான் செய்து தருகிறேன், பாஸ்வர்டு கொடுங்க' என்று கேட்கிறார்களாம். கொடுக்காதீர்கள். யாருக்கு ஐசி நகல் கொடுத்தாலும் குறுக்கே இரண்டு கோடு போட்டு, 'பள்ளி மாற்றத்துக்கு மட்டும்' என்று எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள். எங்கள் நகல்கள் இப்போது யாரிடம், எதற்குப் பயன்படுகின்றன என்பது எனக்கு இன்றும் உறுத்தல்.

2026லிருந்து பள்ளியாண்டு மறுபடியும் ஜனவரியில் தொடங்குகிறது. ஆண்டுக் கடைசியில் வீடு மாறுகிற குடும்பங்கள் அதிகம், அவனுக்கு அதுதான் அறுவடைக் காலம். வேறு பெயரில், வேறு படத்தில் அதே விளம்பரத்தைப் போன வாரமும் பார்த்தேன். வாசகம் அப்படியே இருக்கிறது. 'சேவைக் கட்டணம்' என்று போட்ட நீல நிற ரசீது உங்களிடமும் இருந்தால் உரையாடலை அழிக்காதீர்கள், நகல் எடுத்து வையுங்கள், உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் ரிப்போர்ட் போடுங்கள். ஒரே கணக்கு எண்ணில் பல புகார்கள் சேர்ந்தால் விசாரணை வேகமாக நகரும் என்று எங்கள் வழக்கைப் பார்க்கும் அதிகாரி சொன்னார். கணக்கு எண்ணைப் பொதுவில் போட முடியாது. தனியாகக் கேட்டால் அனுப்புகிறேன்.