அம்மாவின் அறைச் சுவர் ஏன் ஊறியது: உவர்மலையிலிருந்து ஓர் எச்சரிக்கை

திருகோணமலையில் பாத்ரூம் வேலை கொடுக்க இருப்பவர்கள் இதை ஒருமுறை வாசியுங்கள்.

உவர்மலையில் எங்களுடையது பழைய வீடு. குளியலறை முற்றத்துக்கு அப்பால். அம்மாவுக்கு 72 வயது. மாரி காலத்தில் இரவு எழும்பினால் குடை பிடித்துக்கொண்டு போகவேண்டும். அதனால் பெரிய படுக்கையறையைத் திருத்தி, பக்கத்தில் சாமான் போட்டு வைத்திருந்த அறையை அதோடு சேர்ந்த பாத்ரூமாக்க முடிவெடுத்தோம். தெரிந்தவர் ஒருவர் சொல்லி வந்தவர்தான் கொந்தராத்துக்காரர். மதிப்பீடு 14 லட்சம் ரூபாய். அதில் பாத்ரூம் தரைக்கும் சுவருக்கும் இரண்டு கோட் வாட்டர் புரூஃப் பூச்சு என்று 95,000 ரூபாய்க்குத் தனி வரியே இருந்தது. "நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க அக்கா, எல்லாம் நான் பார்த்துக்கொள்ளுறன்" என்றார். வேலை தொடங்க முன்னமே 9 லட்சம் கொடுத்துவிட்டோம்.

ஒரு சனிக்கிழமை நிலாவெளியில் கலியாண வீட்டுக்குப் போய் வந்து பார்த்தால், தரை முழுக்க டைல்ஸ் பதித்தாயிற்று. பூச்சு எப்போது பூசினீர்கள் என்று கேட்டேன். "காலமையே பூசியாச்சு அக்கா." முதல் கோட் காய்ந்த பிறகுதான் அடுத்த கோட். அதுவும் இறுகியபின் வடிகாலை அடைத்து, 24 மணிநேரம் தண்ணீர் கட்டி, மட்டம் இறங்குகிறதா என்று பார்த்துத்தான் டைல்ஸில் கை வைக்கவேண்டும். ஒரு பகலில் முடிகிற காரியமே இல்லை. அன்று எனக்கு அது தெரியாது. மிச்சக் காசையும் கொடுத்தேன்.

ஐப்பசிக் கடைசியில் அம்மா அலுமாரியைத் திறந்தபோது பூஞ்சண மணம். பாத்ரூம் சுவரோடு சேர்த்து அடித்த புது அலுமாரி அது. பின்பலகை ஊதிப்போயிருந்தது. அடித்தட்டில் இருந்த அம்மாவின் கூறைச்சேலையில், மடிப்புக்கு மடிப்பு கறுப்புப் புள்ளிகள். அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. சேலையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தார்.

கொந்தராத்துக்காரருக்கு அழைத்தேன். "மாரிக்கு இங்க எல்லா வீடும் ஊறும்தானே" என்றார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. அது உள்சுவர், மழை படாத சுவர். சரி, பார்த்துவிடுவோம் என்று அந்தப் பாத்ரூமைப் 12 நாள் பூட்டினோம். வெளியே மழை விடாமல் கொட்டியது, சுவரோ காயத் தொடங்கியது. திரும்பக் குளிக்கத் தொடங்கிய நாலாம் நாள், ஈரம் முழங்கால் உயரத்துக்கு ஏறிவிட்டது.

வேறொரு மேசனைக் கூப்பிட்டு மூன்று டைல்ஸை உடைத்துப் பார்த்தோம். கீழே வெறும் சீமெந்துதான். பூச்சின் அடையாளமே இல்லை. டைல்ஸுக்கும் முழுதாகச் சாந்து வைக்கவில்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கட்டி கட்டியாக அப்பியிருந்தது. நாணயத்தால் தட்டினால் உள்ளே பொள்ளல் சத்தம் கேட்கும். தரையின் வாட்டமும் பிழை, தண்ணீர் வடிகாலை விட்டுவிட்டுக் கதவுப் பக்கம் ஓடியது. டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். டைல்ஸுக்கு இடையில் உள்ள சாந்து வழியாகத் தண்ணீர் மெல்ல இறங்கும். அதைத் தடுப்பது அடியில் இருக்கும் பூச்சு மட்டுமே. ஷவர் பக்கத்துச் சுவரில் அது ஷவர் உயரத்துக்கும் மேலே போகவேண்டும்.

ஆகவே வேலை முடிகிற கட்டத்துக்கு ஏற்பக் காசு கொடுங்கள். தண்ணீர் கட்டி 24 மணிநேரம் நீங்களே பார்த்தபிறகுதான் டைல்ஸுக்கான காசு என்று எழுத்தில் போடுங்கள். பூச்சு வாளியையும் பூசிய தரையையும் போனில் படம் எடுத்து வையுங்கள். கலியாணமோ செத்தவீடோ, டைல்ஸ் பதிக்கும் நாளில் வீட்டில் ஒருவராவது இருங்கள்.

அவர் இப்போது போன் எடுப்பதில்லை. மதிப்பீட்டுத் தாளையும் உடைத்த இடத்தின் படங்களையும் வைத்து மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கும் அழைத்துச் சொன்னேன்.

பாத்ரூமை முழுதாக உடைத்துத் திரும்பச் செய்ய இன்னும் 6 லட்சம். நேற்று இரண்டாவது கோட் இறுகியபின் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் கோடு போட்டோம். இன்று காலை அம்மா எனக்கு முன்னமே எழும்பி, டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் கோட்டிலேயே நின்றது.